மாமா தூண்டில் போட்ட நாள்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. ‘அது’ என்றுதான் சொல்வார்கள். “அது வந்து எவ்ளோ நாளாச்சி?” என்று நைனா எப்போதாவது கேட்டுவிட்டால் போதும், அம்மா கரண்டியும் கையுமாகத் திரும்பி, “வாய வச்சிக்கினு சும்மா இருங்க. நீங்களே கூப்ட்டு வுட்ருவீங்க போல” என்று சீறுவாள். நைனா உடனே வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அது மாமாவுக்கு வரும். மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், அம்மா கல்யாணமாகி வரும்போது பித்தளைக் குடத்தோடும் கட்டிலோடும் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிச்சாட்டூரை அடுத்த எங்கள் ஊரில் மாமாவைப் போலத் தெலுங்கில் பஸ் கண்டக்டர் மாதிரி பேசிக்காட்ட ஆள் கிடையாது. பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று நிறுத்துவார். இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தேய்க்கத் தொடங்கும். வாய் எதையோ மெல்லும். அப்புறம் வெட்டிய வாழை போல விழுவார். அதற்கு மேல் நடப்பதை நான் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அம்மா மாட்டுக்கொட்டகைச் சாவியை அவர் கைக்குள் திணித்து, மேலே விழுந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாச் சாமிகளையும் கூப்பிடுவாள்.

அதனால் மாமாவுக்குக் கிணற்றங்கரை கூடாது, அடுப்படி கூடாது, மரம் ஏறக் கூடாது, சைக்கிள் கூடாது. டேம் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. இவ்வளவு கூடாதுகளுக்கு நடுவில் கல்யாணம் மட்டும் கூடும் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். பலமனேரில் ஒரு பெண் இருந்தாள். போட்டோ வந்தது, ஜாதகம் பொருந்தியது. நிச்சயத்துக்கு முன் பெண்ணின் அண்ணன் ஒருமுறை வந்து மாப்பிள்ளையோடு பழகிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் திருப்பதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். திருப்பதிக்காரர் வந்த அன்று, மாமாவுக்கு வேலூர் டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை அம்மா கொடுக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டால் மாமாவுக்குக் கண் சொருகும், நாக்கு குழறும். “ஒரு நாள் போடலன்னா ஒண்ணும் ஆவாது தம்பி. மூஞ்சி தெளிவா இருக்கட்டும்” என்று சொல்லி அலமாரியில் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையிலும் வைத்தாள்.

வந்தவர் ஒல்லியானவர். அதிகம் பேசவில்லை. இரவு சாப்பாட்டில் கோழியைக் கூடத் தலை நிமிராமல்தான் சாப்பிட்டார். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து, “இங்க டேம்ல தண்ணி தெளிஞ்சி, அடி வரைக்கும் தெரியுதாமே? மாப்ளையும் நானும் போயி தூண்டில் போட்டுக்கினு சாயந்தரமா வந்துர்றோம்” என்றார். சைக்கிள் கடைக்காரர் தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் பையிலேயே கொண்டுவந்திருந்தார்.

அம்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. “வெயிலு காயுமே…” என்றாள். தை மாதம், வெயில் காயவில்லை. “மாப்ளைக்கு மீனு வாட புடிக்காது” என்றார் நைனா. முந்தின மாதம்தான் மாமா ஒரு சட்டி கெளுத்திக் குழம்பைத் தனியாக முடித்திருந்தார். அதற்குள் மாமாவே எழுந்துவிட்டார். “நான் போறேன்க்கா” என்றார். அவர் கண்களில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத் தூரத்திலிருந்தே பார்த்தவர் அவர்.

அம்மா என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் பாவாடை நாடாவில் கொட்டகைச் சாவியை முடிந்தாள்.

“கூடவே போ. மாமாவத் தண்ணியாண்ட வுடாத. அது வந்துச்சின்னா சாவியக் கையில குடு. கத்தாத. அந்தாளு கேட்டா பித்த மயக்கம், காலைல சாப்புடலன்னு சொல்லு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காத. உன் மாமா வாழ்க்க உன் கையில கீது.”

மாமாவின் வாழ்க்கை அவ்வளவு சின்னக் கையில் எப்படி வந்து சேர்ந்தது என்று யோசிக்கக் கூட எனக்கு நேரமில்லை. நடக்கும்போதெல்லாம் சாவி தொடையில் இடித்தது. வழியெல்லாம் மாமாவின் இடது கையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தக் கை வேலிச் செடியைக் கிள்ளியது, மூங்கில் கழியைத் தோளில் சாய்த்தது, தலையைச் சொறிந்தது. ஒவ்வொரு முறையும் நான் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அணைக்கரையிலிருந்து விலகி, பாறைகள் நீருக்குள் இறங்கும் பக்கமாகத் திருப்பதிக்காரர் இடம் பிடித்தார். மழைக்காலத்துச் செம்மண் எல்லாம் அடியில் படிந்து, தண்ணீர் கண்ணாடியாக நின்றது. கூழாங்கல் தெரிந்தது, கல்லின் மேலிருந்த பாசி தெரிந்தது, பாசிக்குள் நுழையும் மீன்குஞ்சின் நிழல்கூடத் தெரிந்தது. பாறை முடிகிற இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அங்கே தரை சட்டென்று கீழே போயிருந்தது. பச்சையும் அல்லாத நீலமும் அல்லாத ஒரு இருட்டு. கலங்கலாக இருந்திருந்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியாமலாவது இருந்திருக்கும்.

அவர்கள் இருவரும் அந்தப் பாறையின் நுனியில்தான் உட்கார்ந்தார்கள்.

“மாமா, இப்பிடி உள்ள வந்து ஒக்காரு” என்றேன்.

“இங்கதான் மீன் வரும் பாப்பா.”

“எனக்குப் பயமா இருக்குது.”

“நீ உள்ள ஒக்காரு” என்றார் மாமா. அதற்கு மேல் என்ன சொல்வது என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் மாமாவுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து, அவர் சட்டையின் வால் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன்.

திருப்பதிக்காரர் களியைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி முள்ளில் குத்தினார். மாமாவுக்கு வீசக் கற்றுக்கொடுத்தார். தக்கை தண்ணீரில் விழுந்து, நிமிர்ந்து, நின்றது. பிறகு எதுவும் நடக்கவில்லை. தெளிந்த தண்ணீரில் மீன் பிடிப்பதைப் போலப் பொறுமையைச் சோதிக்கிற காரியம் கிடையாது. மீன்கள் வருவது கண்ணுக்குத் தெரியும். கெண்டை ஒன்று மெதுவாக வரும், களியை முகர்ந்து பார்க்கும், நம்மையும் நிமிர்ந்து பார்ப்பது போல இருக்கும், வாலைத் திருப்பிக்கொண்டு போய்விடும். “ஆடாதீங்க, நெழலு உள்ள வுழுது” என்று திருப்பதிக்காரர் கிசுகிசுப்பார். மூவரும் கல்லாக இருப்போம்.

வெயில் ஏறியது. அவ்வப்போது திருப்பதிக்காரர் தொண்டையைச் செருமினார்.

“மாப்ளே…”

“சொல்லுங்கண்ணா.”

“ஒண்ணுமில்ல. தக்கையப் பாருங்க.”

கொஞ்சநேரம் கழித்து மாமா தொடங்குவார். “அண்ணா, உங்களாண்ட ஒரு விஷயம்…” அதோடு என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் சட்டையை இழுப்பேன். “இந்தப் பக்கம் பாம்பு அதிகம்னு சொல்ல வந்தேன்” என்று முடிப்பார்.

இப்படி இரண்டு பேரும் மாறி மாறித் தொடங்கி, மாறி மாறி விழுங்கிக்கொண்டார்கள். அவர் மாமாவைச் சோதிக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பழகிப் பார்க்க வந்தவர் இல்லை இவர், துப்பறிய வந்தவர். யாரோ எங்கள் ஊர்க்காரன் போட்டுக்கொடுத்திருக்கிறான். அதனால்தான் தண்ணீருக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

புளிச்சோற்றையும் வேர்க்கடலைத் துவையலையும் அம்மா கட்டிக் கொடுத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு மாமா கொஞ்சம் தள்ளிப் போய் மறைவில் ஒதுங்கினார். நான் எழுந்து அவர் பின்னாலேயே போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தபோது, திருப்பதிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, உங்கூட்ல யாருக்காவது ஒடம்புக்கு வந்தா உங்கம்மா இன்னா பண்ணுவாங்க?”

வந்துவிட்டது.

“எங்கூட்ல யாருக்கும் ஒடம்புக்கே வராது.”

“ஜொரம் கூடவா?”

“ஜொரம் கூட.”

அவர் சிரிக்கவில்லை. “வந்துச்சின்னு வச்சிக்கோ. திட்டுவாங்களா, பாத்துக்குவாங்களா?”

“வரவே வராது!” என்று கத்திவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

“சரே, சரே, பர்வாலேது” என்று தெலுங்குக்குப் போய்விட்டார் அவர். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. என் பதில் அவரைக் கோபப்படுத்திவிட்டது என்று நினைத்தேன். மாமா திரும்பி வந்ததும் அவர் சட்டையை முன்பைவிட அழுத்தமாகப் பிடித்துக்கொண்டேன்.

சூரியன் மேற்கே சாய்ந்து எங்களுக்கு நேரே வந்தது. லேசாகக் காற்று கிளம்பி, கண்ணாடியாக இருந்த தண்ணீர் முழுவதும் பொடிப்பொடியாக உடைந்து மின்னத் தொடங்கியது. கண் கூசியது. அந்த நேரம் பார்த்து மாமாவின் தக்கை அசைந்தது, மறுபடி அசைந்தது, பொசுக்கென்று உள்ளே போனது.

“இஸ்துக்கோங்க மாப்ளே!”

மாமா துள்ளி எழுந்தார். அவர் சட்டை என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. கழி வில்லாக வளைந்தது. வெள்ளியாக ஒரு மீன் தண்ணீருக்கு மேல் வந்து அடித்தது. “பாப்பா, மாட்டிக்கிச்சி! பாத்தியா பாப்பா!” என்று மாமா கூவினார். கிணறும் மரமும் சைக்கிளும் சேர்ந்து ஒரே நாளில் கிடைத்தது போன்ற குரல் அது.

குரல் பாதியில் நின்றது.

மாமா மின்னுகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். கழி தழைந்தது. இடது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தேய்க்க ஆரம்பித்தது.

கத்தாதே என்றிருந்தாள் அம்மா. மாமா முன்புறமாகச் சாய்ந்து, மரம் விழுவது போலத் தண்ணீருக்குள் விழுந்தார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது இன்னும் என் கனவில் வரும். தண்ணீர் தெளிவாக இருந்ததால் எல்லாமே தெரிந்தது. மாமாவின் கண்கள் திறந்திருந்தன. வெள்ளைச் சட்டை உப்பிக்கொண்டு மேலே வந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, அவர் பாறையை விட்டு நழுவி அந்த இருட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வாயிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பி வந்தன. நான் எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் மார்பு வரை சில்லிட்டது. காலுக்கடியில் பாசி வழுக்கியது. உப்பியிருந்த சட்டையின் ஒரு முனை கையில் பட்டது, பிடித்துக்கொண்டேன். அது என்னையும் இழுத்தது.

என் தலைக்கு மேலாகத் திருப்பதிக்காரர் குதித்தார். ஒரு கையால் மாமாவின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டார், மறு கையால் என் பின்னலைப் பிடித்துப் பாறைப் பக்கம் தள்ளினார். எப்படியோ மூவரும் மணலுக்கு வந்து சேர்ந்தோம்.

மாமாவுக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. நான் நாடாவிலிருந்து சாவியை அவிழ்த்து அவர் கையில் திணிக்கப் போனேன். திருப்பதிக்காரர் அதை வாங்கித் தள்ளி வைத்தார்.

“வேணாம் பாப்பா. கையப் புடிக்காத. அமுக்கவும் வேணாம். அதுவா அடங்கும்.”

அம்மாவைப் போல அவர் மேலே விழுந்து அமுக்கவில்லை. சாமியைக் கூப்பிடவில்லை. மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தண்ணீரும் நுரையும் வாயிலிருந்து வழிந்தன. தன் வேட்டி முனையால் துடைத்தார். நனைந்த துண்டை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பக்கத்தில் கிடந்த கற்களை எடுத்து அப்பால் போட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவரைப் போலக் காத்திருந்தார்.

“பித்த மயக்கம்” என்றேன். பல் கிட்டியது. “காலைல சாப்புடல.”

“ஆமா பாப்பா. பித்தந்தான்.”

மெல்ல மெல்ல இழுப்பு அடங்கியது. மாமா பெரிதாக மூச்சு விட்டுத் தூங்கிப்போனார். அப்போது அந்த மனிதர் செய்ததுதான் என்னை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நிமிர்ந்தபோது கண்ணில் நீர் வழிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. எங்கள் வீட்டு மானம் அந்தச் சிரிப்பில் போயிற்று என்று நினைத்தேன். நான் மாமாவின் காலடியில் சுருண்டு உட்கார்ந்து அழுதேன்.

மாமா கண் விழித்தபோது நிழல் நீண்டுவிட்டது. தன் ஈரச் சட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எல்லாம் விளங்கிக்கொண்டார்.

“சொல்லணும்னுதாண்ணா நெனச்சிக்கினே இருந்தேன்” என்றார். “அக்காதான்…”

“நானும்தான் மாப்ளே. காலைலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னுதான் பாக்கறேன்” என்றார் திருப்பதிக்காரர். பிறகு என்னிடம், “பாப்பா, தூண்டில் கழி அங்க மெதந்துக்கினு போவுது பாரு. கரையோரமாவே போயி, ஒதுங்கனதும் எடுத்துக்கினு வா. தண்ணியில எறங்காத” என்றார்.

நான் போனேன். கழி கரைக்கு வருவதாகத் தெரியவில்லை. தூரத்திலிருந்து அவர்களைப் பார்த்தேன். திருப்பதிக்காரர்தான் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஓரிடத்தில் மாமா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சம்பந்தம் முறிகிறது என்று புரிந்துகொண்டேன். நான் காவலாக வந்தும் மாமாவைத் தண்ணீருக்கு விட்டுவிட்டேன், எல்லாம் போயிற்று, அம்மா என்னை வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டாள். மறுபடி பார்த்தபோது மாமா அவர் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. பயம் மட்டும் குறையவில்லை.

வழியில் திருப்பதிக்காரர் என் தலையைத் துவட்டிவிட்டு, “ஊட்ல வழுக்கி வுழுந்தோம்னு சொல்லிக்கலாம்” என்றார். மாமாவும் தலையாட்டினார். பொய் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் பக்கம்தானே, இவர் ஏன் சொல்கிறார் என்று குழம்பினேன்.

வாசலிலேயே நின்றுகொண்டிருந்த அம்மா ஈரத் துணிகளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாசியில வழுக்கி வுழுந்துட்டோம்க்கா, மூணு பேரும். மீனும் போச்சி” என்றார் திருப்பதிக்காரர். மாற்றுத் துணி கட்டிக்கொண்டு காப்பி குடித்துவிட்டு, அவராகவே, “முகூர்த்தம் பாத்துருங்க. எங்கூட்ல எல்லாருக்கும் இஷ்டம்தான்” என்றார்.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கட்டிக்கொண்டாள். “கண்டுபுடிக்கல இல்ல? என் ராசாத்தி! என் சாமர்த்தியக்காரி!” என்று முத்தமிட்டு, ஒரு கட்டி வெல்லத்தை வாயில் திணித்தாள். நான் அதை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். எல்லாம் தெரிந்த ஒருவர் ஒன்றும் தெரியாதவர் போல நடித்தால் அதற்குப் பின்னால் பெரிய சதி இருக்க வேண்டும். கல்யாணத்தன்று, தாலி கட்டுகிற நேரத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார். ஊரார் முன் எங்களைத் தலைகுனிய வைக்கப்போகிறார். பங்குனியில் கல்யாணம் நடக்கும் வரை நான் அந்தப் பயத்தோடுதான் தூங்கினேன், அந்தப் பயத்தோடுதான் எழுந்தேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் மேளம் வேகமெடுத்தபோது நான் மாமாவைப் பார்க்கவில்லை, மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. திருப்பதிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தார். கையிலிருந்த அட்சதையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பெண்ணை எங்களிடம் விட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். பஸ் ஏறப் போன திருப்பதிக்காரர் திரும்பி வந்து, கூட்டத்திலிருந்து என்னைத் தனியாக அழைத்து, என் உயரத்துக்குக் குனிந்தார்.

“பாப்பா, எங்க தங்கச்சிய அடுப்பாண்டயும் கெணத்தாண்டயும் தனியா வுடாத, இன்னா? நீ கூடவே இரு. அன்னிக்கி உங்க மாமா கூட இருந்தியே, அந்த மாதிரி.”

அவர் கண் கலங்கியிருந்தது. பலமனேர் டவுனில் வளர்ந்த பெண்ணுக்கு விறகு ஊதவும் தண்ணீர் சேந்தவும் தெரியாது போலிருக்கிறது, அதற்குப் போய் ஓர் ஆம்பிளை இப்படிக் கண் கலங்குவதா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. “நான் கத்துக்குடுத்துர்றேன், நீங்க போங்க” என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.